யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அயலட்டைப் பிள்ளைகள், ஓய்வூதியம் எடுத்த வாத்தியார்மார், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து கமராவைக் கையில் தந்து "இதை ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ" என்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். கலியாணப் படம், ஸ்டூடியோ வேலை பற்றி இங்கே எதுவும் இல்லை. அது தொழில். இது வளவு, வயல், கடல், சந்தை என்று கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துப் பழகுகிறவர்களுக்கு.

அண்ணை, என்னட்டை போன் மட்டும்தான் இருக்கு. அதை வைச்சுப் பழகேலுமோ?

ஏலும். தொடக்கத்தில் போனே நல்லது, எப்போதும் கையில் இருக்கும் என்பதால். கமரா வாங்கினால்தான் தொடங்குவேன் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் கமரா வாங்கிய பிறகும் தொடங்குவதில்லை.

முதலில் வில்லையைத் துடையுங்கள். காற்சட்டைப் பையிலும் சமையலறையிலும் திரிகிற போனின் வில்லையில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இராது. "படம் புகையாக வருகுது" என்று காட்டும் படங்களில் பாதிக்கு அதுதான் காரணம். பிறகு, செட்டிங்கில் கட்டக்கோடுகளைப் போட்டுவிடுங்கள், கடல் சரியாமல் நிற்கும். எடுக்கும் பொருளின்மேல் விரலால் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கும் வேலைதான். ஏலுமானால் நடந்து கிட்டப் போங்கள்.

எத்தினை மணிக்கு எடுத்தால் படம் வடிவா வரும்?

விடிந்து ஒரு மணித்தியாலம், பொழுதுபட முன் ஒரு மணித்தியாலம். யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 9.7 பாகை வடக்கே இருப்பதால் எங்கள் பகல் பெரிதாகக் கூடிக் குறைவதில்லை. ஆண்டு முழுவதும் சூரியன் காலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதித்து, பின்னேரம் 5.45க்கும் 6.35க்கும் இடையில் மறைகிறது. தாழ நிற்கும் சூரியனின் வெளிச்சம் கூடுதலான காற்றைக் கடந்து வருவதால் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்கும். பக்கத்தால் விழுவதால் நிழல் நீளும். கோட்டை மதிலின் முருகைக்கல்லில் உள்ள சொரசொரப்பு அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். பத்து மணிக்குப் போனால் அதே மதில் வெறும் சாம்பல் சுவர்.

இன்னொன்று. கனடாவில் இருக்கும் மச்சான் "சூரியன் போன பிறகு கனநேரம் வெளிச்சம் நிக்கும், ஆறுதலா எடுக்கலாம்" என்று சொன்னால் அது அவருடைய ஊருக்குச் சரி. இங்கே சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குவதால் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துவிட்டு நில்லுங்கள்.

எங்கடை வீட்டடியிலை எடுக்க ஒண்டுமில்லை. நெடுந்தீவுக்குப் போகோணுமோ?

நெடுந்தீவுக்குப் போங்கள், நல்ல இடம். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடலாம். முருகைக்கல் வேலிகள், பெருக்கமரம், வெட்டவெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் உண்டு. ஆனால் படகு நேரத்துக்குப் போய்ப் படகு நேரத்துக்குத் திரும்புகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உச்சி வெயில். நெடுந்தீவில் எடுத்த நூறு படத்தைவிட உங்கள் வேலியில் எடுத்த பத்துப் படம் கூடக் கற்றுத் தரும், ஏனென்றால் வேலியடிக்கு நாளைக்கும் போகலாம்.

வேலியில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்பீர்கள்? பூவரசம் பூவைப் பாருங்கள். விரியும்போது மஞ்சள், வாடும்போது சிவந்து ஊதா கலந்துவிடும். ஒரே கொப்பில் இரண்டு நிறமும் நிற்கும். கார்த்திகைப்பூவும் அப்படித்தான், பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும். மாரியில் வேலியோரங்களில் ஏறிக் கிடக்கும். முதல் நாளிலிருந்து வாடும் வரை ஒரே பூவை எடுத்துப் பாருங்கள். கிடுகு வேலிக்குள்ளால் விழும் வெயில் கோடுகள் முற்றத்தில் நகர்வதை ஒரு காலை முழுவதும் எடுக்கலாம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் இருந்தால் செம்மண் இருக்கிறதே! தண்ணீர் பாய்ச்சிய வெங்காயத் தறையில் ஈரமண் கடுஞ்சிவப்பு, காய்ந்த வரம்பு வெளிறிய சிவப்பு, தாள் பச்சை. இதைவிட நிறம் வேறெங்கே தேடுவது?

ஒரு இடத்தைத் தெரிவு செய்து வாடைக் காலத்திலும் (வடகிழக்குக் காற்று வீசும் காலம்) சோளகக் காலத்திலும் (தென்மேற்குக் காற்று வீசும் காலம்) அதே இடத்திலிருந்து எடுங்கள். வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பது அதில் தானாகவே பிடிபடும்.

எனக்கு மத்தியானம் மட்டும்தான் நேரம். என்ன செய்யிறது?

மத்தியான வெயிலோடு சண்டை பிடிக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணியில் மறுபடியும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது முற்றத்தில் ஆளை நிறுத்தி எடுத்தால் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். அதே ஆளை விறாந்தையில் வாசலைப் பார்க்க இருத்துங்கள். வெளியே வெயிலடித்த முற்றத்தில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும்.

மத்தியானத்துக்கென்றே சில படங்களும் உண்டு: வாழையிலைக்குக் கீழே நின்று மேலே பார்த்தால் நரம்பு நரம்பாகத் தெரியும் பச்சை, கிணற்றுக்குள் நேரே இறங்கும் வெயில், சந்தைக் கூரைக்குக் கீழே கறுத்தக்கொழும்பான் மாம்பழக் குவியல். மழைக்கால மூட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை, நாள் முழுக்க எடுக்கலாம்.

தேத்தண்ணியிலை ஆவி பறக்கிறது கண்ணுக்குத் தெரியுது, படத்திலை வரேல்லை. ஏன்?

ஆவிக்கு முன்னால் வெளிச்சமும் பின்னால் வெள்ளைச் சுவரும் இருப்பதால். இரண்டையும் மாற்றுங்கள். யன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும், வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்தோ பக்கத்தாலோ வர வேண்டும். ஆவிக்குப் பின்னே தெரிவது கரி பிடித்த அடுப்படிச் சுவர் போல இருட்டாக இருக்க வேண்டும். லைட்டை அணைத்துவிடுங்கள், பிளாஷ் கூடவே கூடாது.

பிட்டு அவிக்கும்போது நீத்துப்பெட்டியைக் கவிழ்க்கும் அந்த நிமிடத்துக்கும் இதே முறைதான். அம்மாவிடம் இன்னொருதரம் கவிழ்க்கச் சொல்லாதீர்கள், அடுத்த ஈடு வரும்வரை காத்திருங்கள்.

பனையை எடுத்தால் பின்பக்கமாச் சரிஞ்சு விழுகிற மாதிரி வருகுது.

போனை அண்ணாத்திப் பிடிப்பதால் வரும் கோளாறு. பின்னுக்குப் போய், போனை நேரே நிமிர்த்திப் பிடித்து, கீழே வரும் வெறும் நிலத்தைப் பிறகு வெட்டிவிடுங்கள். பின்னுக்குப் போக இடமில்லை என்றால் முழுப் பனையும் வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். வட்டும் ஓலையும் மட்டும், அல்லது செதிலான அடிமரம் மட்டும். வடலி, அதாவது இளம் பனை என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பண்ணைப் பாலத்திலை பொழுதுபடுகிற படம் எல்லாரும் எடுக்கினம். நான் எடுத்தாலும் அதேதான் வருகுது.

எல்லோரும் சூரியனைப் பார்த்தபடி நிற்கிறார்கள், அதனால். திரும்பி நின்று அந்த வெளிச்சம் எதில் விழுகிறது என்று பாருங்கள்: மீன் பிடிக்க நட்ட களங்கண்ணித் தடிகள், சைக்கிளில் வீடு திரும்புகிறவர், கோட்டை மதில். சூரியன்தான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு உருவம் வையுங்கள். தோணி, தூண்டில்காரர், கொக்கு, ஏதோ ஒன்று. சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் உருவம் கறுத்துத் தெளிவாக நிற்கும்.

சூரியன் மறையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனியில் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளியும் மார்கழியில் தெற்கே தள்ளியும் மறையும். விடிகாலைக்குக் கிழக்குப் பார்த்த கரை தேவை, மணற்காட்டு மணல்மேடுகள் அதற்குத் தோதானவை.

கொக்கை எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டாய் வருகுது, இறகு ஒண்டும் தெரியேல்லை.

கமராவுக்குக் கொக்கு என்றும் சேறு என்றும் தெரியாது. முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போடும். கண்டல் பற்றையின் இருட்டுக்கு முன்னால் கொக்கு நின்றால் இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிறவைக்கும், கொக்கின் வெள்ளை எரிந்துபோகும். கொக்கின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். கமரா என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) ஒரு படி கீழே இறக்குங்கள்.

வெள்ளை மணலோ உப்புக் குவியலோ படம் முழுக்க நிறைந்தால் இதற்கு நேர் எதிர்: படம் ஊத்தைச் சாம்பலாக வரும், வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். மதிலில் வந்து இருக்கும் காகத்தை எடுத்தும் இதைப் பழகலாம்.

பூநாரை பாக்க எப்ப, எங்கை போறது? போனிலை புள்ளியாத்தான் தெரியுது.

மாரி மழைக்குப் பிறகு, பொதுவாகக் கார்த்திகை மார்கழி தொடங்கிப் பங்குனி வரை. மண்டைதீவு, அராலிப் பக்கத்து ஆழமில்லாத கடல்நீரேரிகளில் சில ஆண்டு நன்றாக இறங்கும், சில ஆண்டு ஏமாற்றும். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே போகிறவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளை அறிந்துகொண்டு போங்கள்.

போனின் வழமையான வில்லை அகன்ற காட்சிக்கானது. தனிப் பறவையின் கண் தெரிய வேண்டும் என்றால் 400 மி.மீ. அளவு தூரக்காட்சி வில்லையாவது வேண்டும். அது இல்லாதவர்கள் பறவையை எடுக்காமல் கூட்டத்தை எடுக்கலாம். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு இளஞ்சிவப்புக் கோடு, அதுவும் நல்ல படம்தான். கல்லெறிந்து, சத்தம் போட்டுப் பறக்கவைத்து எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பூநாரை அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடித்துத்தான் வயிறு நிரப்புகிறது. ஒவ்வொருமுறை எழுப்பும்போதும் சாப்பாட்டை விட்டுத்தான் பறக்கிறது.

அதற்கு முதல் வளவுக்கு வரும் புலுனியையும் செம்பகத்தையும் எடுங்கள். மின்கம்பியில் இருக்கும் கரிக்குருவியை நாங்கள் கணக்கெடுப்பதில்லை. இலங்கையில் அது பெரும்பாலும் வடக்கு, வடமேற்குப் பக்கங்களில்தான் இருக்கிறது, கொழும்பிலிருந்து வரும் பறவை ஆர்வலர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

எஃப், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எண்டு சொல்லுறியள், ஒண்டும் விளங்கேல்லை.

மூன்றும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. எஃப் எண் வில்லையின் துவாரம். எண் சிறிதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட, ஆனால் பின்னணி மங்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. நேரம் கூடினால் அசைவது கலங்கும். ஐ.எஸ்.ஓ. வந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. அதைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும், மணல் தூவியதுபோலப் புள்ளிகளும் தெரியும்.

பழகுவதற்குப் பழைய பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 செக்கன். துவாரத்தை எஃப் 8 ஆக்கினால் நான்கு மடங்கு வெளிச்சம் வரும், அதனால் ஷட்டர் 1/400. எஃப் 5.6 என்றால் 1/800. இந்தக் கணக்கை முற்றத்தில் நின்று கையால் போட்டுப் பாருங்கள். ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். போனில் துவாரம் பெரும்பாலும் மாறாது, ஆகவே அங்கே மற்ற இரண்டும்தான்.

வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் போனேன். பட்டம் எல்லாம் குட்டியா, கலங்கலா வருகுது.

தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் அந்தப் பட்டங்கள் ஏறும்போது எல்லோரும் வானத்தைத்தான் எடுக்கிறார்கள். வெறும் வானத்தில் பட்டம் எவ்வளவு பெரியது என்று படம் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஏற்றுவதற்கு முன் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு நிற்பதையும் நூல் இழுக்கும் கைகளையும் எடுங்கள். பட்டத்தில் கட்டிய விண் காற்றில் கூவும் சத்தத்தைப் படத்தில் கொண்டுவர ஏலாது, அண்ணாந்து நிற்கும் சனத்தின் முகத்தில் கொண்டுவரலாம்.

கலங்கலுக்கு: ஷட்டர் 1/1000க்குக் கிட்ட இருக்கட்டும். வேண்டுமென்றே கலங்க வைப்பதும் உண்டு. றோட்டில் போகும் சைக்கிளை 1/30இல் வைத்து, கமராவை அதனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுத்தால் ஆள் தெளிவாகவும் பின்னால் வேலி கோடு கோடாகவும் வரும். பத்துக்கு ஒன்று சரிவந்தால் நல்லது.

பழைய கமரா ஒண்டு விலைக்கு வருகுது, வாங்கலாமோ?

பார்த்து வாங்கலாம். வில்லையைக் கழற்றி, பின்னாலிருந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம், அதை வேண்டாம். எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சரில் தூசி, சுத்தம் செய்யலாம். ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். பற்றரி இப்போதும் கிடைக்கிறதா என்பதை வாங்க முதல் விசாரியுங்கள். கமரா உடலில் காசை மிச்சம் பிடித்து வில்லைக்குப் போடுங்கள்.

கடற்காத்து கமராவைப் பழுதாக்குமோ? அரிசிக்குள்ளை வைக்கலாமோ?

ஆக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், உலோகத்தைத் தின்னும். கரையில் நிற்கும்போது வில்லை மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத்துணியால் கமராவின் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாத்தூள் இடுக்குகளுக்குள் போகும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். முன் கேள்வியில் சொன்ன பூஞ்சணம் வருவது கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கமராவைத் தோல் உறையோடு அலுமாரிக்குள் பூட்டி வைப்பதால். அடிக்கடி வெளியே எடுத்துப் பாவிக்கும் கமராவில் அது குறைவு.

படத்தை வாட்ஸ்அப்பிலை அனுப்பினால் தரம் குறையுதே. பிரிண்ட் போட எத்தினை மெகாபிக்சல் வேணும்?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள், குறையாது. பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வையுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800, அதாவது ஏறத்தாழ 2 மெகாபிக்சல். ஏ4 தாளுக்கு 9 போதும். உங்கள் போனில் அதைவிடக் கூட இருக்கும். படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

சந்தையிலை ஆக்களைப் படம் எடுத்தால் ஏசுவினமோ?

கேளாமல் எடுத்தால் ஏசுவார்கள், ஏசத்தான் வேண்டும். இந்த மண்ணில் கமரா எப்போதும் சந்தோசத்துக்காக மட்டும் ஆட்களை நோக்கி நீட்டப்படவில்லை. வயதானவர்களுக்கு அந்த ஞாபகம் இருக்கும். திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் முதலில் மரக்கறியை வாங்குங்கள், கதையுங்கள், பிறகு "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்கக்கூடாது. எடுத்ததைக் காட்டுங்கள். அடுத்தமுறை போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்த வரிசை முழுக்க உங்களை ஏற்றுக்கொள்ளும்.

கேட்டால் இயல்பு போய்விடுமே என்பார்கள். முதல் இரண்டு படத்துக்குப் போகும். பிறகு அவர் வெங்காயம் நிறுக்கத் தொடங்கிவிடுவார், உங்களை மறந்துவிடுவார். பிள்ளைகளை எடுக்கத் தாய் தகப்பனிடம் கேளுங்கள். செத்தவீட்டில், அந்த வீட்டார் கூப்பிட்டுச் சொன்னால் ஒழிய, கமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

நல்லூர்த் திருவிழாவிலை எடுக்கலாம்தானே?

கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை. வெளி வீதி போதும். 25 நாள் திருவிழாவில் தேர் 24ஆம் நாள், அன்றைக்குச் சனத்துக்குள் கமராவைத் தூக்கவே இடமிராது. பழகுகிறவர்கள் முதல் வாரத்துப் பின்னேரங்களில் போங்கள். அங்கப்பிரதட்சணம் செய்பவர், காவடி எடுப்பவர் ஆகியோரின் பாதையை மறிக்க வேண்டாம். பிளாஷ் அடிக்க வேண்டாம்.

ஆமிக் காம்ப் பக்கம், ட்ரோன் எல்லாம் பிரச்சினையோ?

முகாம், காவலரண், கடற்படை நிற்கும் இறங்குதுறை, இவற்றின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். குறிகட்டுவானில் படகு எடுக்கும்போதும் பின்னணியில் என்ன வருகிறது என்று பாருங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பலாலியில் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் இயங்குகிறது, வலிகாமம் வடக்கில் இருப்பவர்கள் இரட்டிப்புக் கவனம். பழகுகிறவருக்கு ட்ரோன் தேவையில்லை என்பது என் கருத்து.

எடிட் பண்ணுறது களவோ? ரெண்டு பூநாரையைக் கூட்டி ஒட்டினால் ஆருக்குத் தெரியும்?

வெளிச்சத்தைக் கூட்டுவது, சரிந்த கடலை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது எல்லாம் பிலிம் காலத்து இருட்டறையிலும் செய்ததுதான். நிறத்தில் மட்டும் கை நீள வேண்டாம். செம்மண் ஏற்கெனவே சிவப்பு, அதைக் குங்குமம் ஆக்கினால் உரும்பிராய்க்காரர் பார்த்தவுடன் சிரிப்பார்.

இல்லாத பறவையை ஒட்டுவது வேறு கதை. பறவைப் படத்தை ஒருவர் பார்த்து "இந்த ஆண்டு அராலியில் இவ்வளவு இறங்கியிருக்கு" என்று நம்பக்கூடும். ஒட்டி விளையாட ஆசை என்றால் ஒட்டுங்கள், படத்தின் கீழே ஒட்டியது என்று எழுதிவிடுங்கள். போட்டிக்கு அனுப்புவதானால் விதியை வாசியுங்கள். கனபோட்டிகளில் கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்பார்கள், அதனால் திருத்தியதைத் தனிப் பெயரில் சேமித்து மூலத்தை அழிக்காமல் வையுங்கள்.